அறுவடை லீவு

அந்த வருஷம் செப்டம்பர் மழை கிழங்குக்காரர்கள் வயிற்றில் அடித்தது. ஆற்றுக்கு இந்தக் கரையில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலம், அந்தக் கரையில் கனடா. மழைக்குப் பாஸ்போர்ட் ஏது, இரண்டு பக்கமும் வஞ்சனை இல்லாமல் ஊற்றியது. உருளைக்கிழங்குச் செடியெல்லாம் காய்ந்து தலைசாய்ந்து, கிழங்கு மண்ணுக்குள் முற்றிக் கிடந்தது. மிஷினை இறக்கினால் சக்கரம் பாதிக்குப் புதைந்தது. இறக்காமல் விட்டாலோ, அக்டோபர் கடைசிக்குள் தரை உறைந்துவிடும். உறைந்த கிழங்கைப் பன்றிகூட முகர்ந்து பார்க்காது.

இந்தப் பள்ளத்தாக்கில் கிழங்கு வந்தபிறகுதான் மற்றதெல்லாம். மற்ற ஊரில் பிள்ளைகள் கோடையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே இங்கே பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடுவார்கள். செப்டம்பர் நடுவில் பூட்டிவிடுவார்கள். மூன்று வாரம் அறுவடை லீவு. தலைமையாசிரியரே மச்சான் வயலில் லாரி ஓட்டுவார். கணக்கு டீச்சர் கிழங்குக் கிடங்கில் நின்று அழுகலைப் பொறுக்குவாள். பாதிரியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை வழக்கத்தில் பாதியாகக் குறைத்துவிடுவார், அதற்காகவே அவரை எல்லோருக்கும் பிடிக்கும். ஊரே ஓடும்போது ஒத்து ஓடாமல் ஒருத்தர் நின்றுகொண்டிருக்க முடியாது.

ரேனோ வயலெட்டுக்கு அப்பன் விட்டுப்போன நிலம் இருந்தது. இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று நடந்தாலும் சொந்த நிலம். அவன் முன்னால் டிராக்டரில் உட்கார்ந்து இழுப்பான். பின்னால் வரும் மிஷின் மண்ணோடு கிழங்கைத் தோண்டி, சங்கிலியில் போட்டு உலுக்கி, பெல்ட்டில் ஏற்றிவிடும். அந்த பெல்ட்டின் இரண்டு பக்கமும் நாலு பேர் நின்றாக வேண்டும். கல், மண்கட்டி, கொடி, அழுகல் எல்லாவற்றையும் கண் இமைக்காமல் பொறுக்கி எறிய வேண்டும். கல் சேர்ந்து போய்விட்டால் கிழங்கு வாங்கும் வறுவல் கம்பெனிக்காரன் லாரியை அப்படியே திருப்பி அனுப்புவான். அதனால் நாலில் ஒரு ஆள் குறைந்தாலும் ரேனோ மிஷினை நகர்த்த மாட்டான்.

அந்த நாலு பேர், அவன் பெண்டாட்டி ஜெனீன், பதினேழு வயசு மகள் தானிகா, தங்கை கொலெட், கொலெட்டின் புருஷன் நார்மன். நார்மன் வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டால் சாயங்காலம்வரை பேச மாட்டான். அவன் பங்கையும் சேர்த்து கொலெட் பேசிவிடுவாள்.

"என்னடி நர்ஸம்மா," மிஷின் இரைச்சலுக்கு மேல் கொலெட் கத்தினாள். "கல்லு எது கிழங்கு எதுன்னு தெரியுதா? காலேஜுல சொல்லித் தந்தாங்களா?"

"தெரியுது அத்தை. கல்லுன்னா பேசாம இருக்கும்."

"பாருங்க அண்ணி உங்க பொண்ணு வாயை! மூணு வாரம் காலேஜுக்குப் போனதுக்கே இந்தப் பேச்சு. படிச்சு முடிச்சா நம்மளை வாசப்படி ஏத்தமாட்டா."

ஜெனீன் சிரித்துக்கொண்டே ஒரு மண்கட்டியை எறிந்தாள். கொலெட் கேலி பேசினாலும் அவளுக்கு உள்ளுக்குள் பெருமைதான். கடைசி வருஷப் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் கெட்டிக்காரர்களாகப் பொறுக்கி, தெற்கே முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் காலேஜுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பாடத்தில் பாஸானால் இங்கே பள்ளிக்கூடத்திலும் பாஸ், அங்கே காலேஜிலும் பாஸ். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். தானிகா இங்கிலீஷும் உடற்கூறும் எடுத்திருந்தாள். அந்த இரண்டையும் முடித்துவிட்டால் அடுத்த வருஷம் அதே காலேஜில் நர்ஸ் படிப்புக்கு இடம் என்று சொல்லியும் வைத்திருந்தார்கள். ஜெனீன் இருபத்திரண்டு வருஷமாக பெல்ட்டில் நிற்கிறாள். தன் மகள் இதிலிருந்து இறங்க இதுதான் வழி என்று அவள் நம்பியிருந்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது தானிகா அப்பன் கையைப் பிடித்து, தோள் முதல் மணிக்கட்டுவரை எலும்பெல்லாம் பேர் சொல்லுவாள். "இருபது வருஷமா இதுதான் என்னைக் குடையுது. பேரு இப்பத்தான் தெரியுது," என்பான் ரேனோ.

பெல்ட்டில் கொஞ்சம் இடைவெளி விழுந்தபோது தானிகா அம்மா பக்கம் நகர்ந்தாள்.

"அம்மா, நாளைக்குச் செவ்வாய்க்கிழமை."

"அதுக்கென்ன?"

"எனக்கு கிளாஸ் இருக்கு."

"லீவு விட்டாச்சேடி."

"ஸ்கூல்லதான் லீவு. காலேஜுல கிடையாது."

"அறுவடைக்கு மூடாத காலேஜ் என்ன காலேஜ்? அங்க இருக்கிறவன் கிழங்கு திங்கமாட்டானா?"

"வாத்தியாருங்க எல்லாம் தெக்க இருந்து வந்தவங்கம்மா. அவங்களுக்கு அறுவடை லீவுன்னா என்னன்னே தெரியாது. நான் சொன்னதுக்கு ஜோக்குன்னு நினைச்சு சிரிச்சாங்க."

ஜெனீன் வானத்தைப் பார்த்தாள். கனடாப் பக்கம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது. மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகிறது, இந்த ஈரம் காய்ந்த நேரத்தில் எடுத்தால்தான் உண்டு.

"நீ போயிட்டா பெல்ட்டுல யாரு நிப்பா? அப்பா மிஷினை நிறுத்திடுவாரு. ஒரு வாரம்தானே. அப்புறம் போய்ச் சொல்லிக்கலாம், அறுவடைன்னு. யாரு வேணாம்னு சொல்லுவா?"

"லாஜுவா மேடத்துக்கிட்டக் கேக்கலாமா?"

லாஜுவா மேடம் பள்ளிக்கூடத்தில் இந்த காலேஜ் விவகாரத்தைப் பார்ப்பவள்.

"அவ அண்ணன் வீட்டுக் கிடங்குல நிக்கிறா. அவளே லீவுல இருக்கும்போது உன்னை யாருடி கேப்பா?"

தானிகா மறுபடி பெல்ட் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அப்படித்தான், ஒரு தடவைக்கு மேல் கேட்கிற பழக்கம் இல்லை. கேட்டுக்கேட்டு வாங்குகிற பிள்ளையாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு ஜெனீன் பலமுறை நினைத்தாள்.

ஒரு வாரம் என்றது ஐந்து வாரம் ஆனது. மழை விட்டும் தூவானம் விடவில்லை. பள்ளிக்கூடம் திறந்தபிறகும் வயல்காரப் பிள்ளைகள் பாதிப்பேர் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கண்டுகொள்ளவும் இல்லை. காலையில் பனி உருகி, கிழங்கின் குளிர் விடுவதற்காகப் பத்து மணிவரை எல்லோரும் வண்டிகளில் உட்கார்ந்திருப்பார்கள். குளிர்ந்த கிழங்கு லேசாக அடிபட்டாலும் உள்ளே கறுத்துப்போகும். கொலெட் ஃபிளாஸ்கில் காப்பியும், பன்றிக்கறிக் கொழுப்பு தடவிய ரொட்டியும் கொண்டுவருவாள். தானிகா மடியில் உடற்கூறு புத்தகத்தை விரித்துவைத்திருப்பாள். ரேனோ எழுந்து கையை அசைத்ததும் மூடிவிட்டு இறங்குவாள். புத்தகத்தின் ஓரமெல்லாம் செம்மண் விரல்ரேகை படிந்துவிட்டது.

கடைசி வரிசை ஒரு வியாழக்கிழமை முடிந்தது. அன்றைக்கு ராத்திரியே தரை இறுகிவிட்டது. தப்பித்தோம் என்று ரேனோ தொப்பியைக் கழற்றி டிராக்டர் மேலேயே அடித்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தானிகா நல்ல சட்டை போட்டுக்கொண்டு, அம்மாவின் காரை எடுத்துக்கொண்டு காலேஜுக்குப் போனாள். மத்தியானமே திரும்பிவிட்டாள். ஜெனீன் அடுப்பில் ப்ளோய் வார்த்துக்கொண்டிருந்தாள். பக்வீட் என்கிற தானியத்து மாவைத் தோசை மாதிரி ஊற்றி ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பார்கள், மேலே கண்கண்ணாகத் திறந்துகொள்ளும், அதில் வெண்ணெய் இறங்கும். அறுவடை முடிந்த வாரம் என்று கோழிக்குழம்பும் கொதித்தது.

"என்னடி சீக்கிரமே வந்துட்ட? இங்கிலீஷ் வாத்தியார் என்ன சொன்னாரு?"

"நிறைய கட்டுரை போயிடுச்சாம். பரீட்சையும் ஒண்ணு போயிடுச்சு. இனிமே எட்டிப் பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்னாரு."

"திட்டுனாரா?"

"இல்லம்மா, தன்மையாத்தான் பேசினாரு. 'நீ நல்லா எழுதுற பொண்ணு, மார்க்கு கெட்டுப்போக வேணாம், விலகிக்கிறதுதான் உனக்கு நல்லது'ன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"சரி சார்னு சொன்னேன். புத்தகத்தை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

"எலும்பு கிளாஸு?"

"அதுவும் அதே கதைதானே. போகலை."

ரேனோ ப்ளோயைச் சுருட்டிக் குழம்பில் தோய்த்தான். "அதான் அவரே சொல்லிட்டாருல்ல. விலகியாச்சு. ஜனவரியில, அடுத்த பருவத்துல மறுபடி எடுத்துக்கோ. அப்ப கிழங்கும் இல்லை, கிளாஸுக்கும் தடையில்லை."

"ஜனவரியில எடுக்கலாமாம்மா?" தானிகா அம்மாவைத்தான் கேட்டாள்.

"ஏன் எடுக்கக்கூடாது? விட்ட இடத்துலயிருந்து எடுத்துக்கிட்டாப் போச்சு," என்றாள் ஜெனீன். சொல்லும்போது அவளுக்கு அதில் ஒரு துளி சந்தேகமும் இல்லை.

இந்தப் பள்ளத்தாக்கில் விலகுவது என்றால் காலால் விலகுவதுதான். பெல்ட்டுக்கு வந்துகொண்டிருந்தவன் வரவில்லை என்றால் விலகிவிட்டான் என்று அர்த்தம். மத்தியானத்துக்குள் அவன் இடத்தில் வேறு ஆள் நிற்பான். புருஷனை விட்டு விலகினவளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப்பாலத்தைத் தாண்டினாள், அவ்வளவுதான், ஊர் அவளை விலகினவளாக எடுத்துக்கொண்டது. வாத்தியார் விலகிக்கொள் என்றார், பிள்ளை எழுந்து வந்துவிட்டது. இதில் இனி என்ன பாக்கி இருக்கும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

செவ்வாயும் வியாழனும் தானிகா காலேஜில் இருக்கிறாள் என்று பள்ளிக்கூடத்தில் நினைத்துக்கொண்டார்கள். காலேஜில் யாரும் எதுவும் நினைத்ததாகத் தெரியவில்லை. அந்த நேரத்தில் அவள் கிடங்கில் அப்பனுக்குக் கிழங்கு தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் லாஜுவா மேடம் போன் பண்ணினாள். "ஜெனீன், கொஞ்சம் வந்துட்டுப் போ. தானிகாவையும் இருக்கச் சொல்லியிருக்கேன்." லாஜுவாவும் ஜெனீனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவள் குரலில் வழக்கமான கிண்டல் இல்லாததைக் கேட்டதும் ஜெனீன் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினாள்.

போனபோது தானிகா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"உட்காரு," என்றாள் லாஜுவா. "ரெண்டு பாடத்துலயும் ஃபெயில் போட்டிருக்காங்க."

"எந்தப் பாடம்?"

"காலேஜ் பாடம்தான்."

"அதுலதான் விலகிட்டாளே! விலகினவளுக்கு எப்படி ஃபெயில் போடுவாங்க?"

லாஜுவா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "விலகறதுன்னா எழுந்து வர்றது இல்லை, ஜெனீன். கம்ப்யூட்டர்ல அவளே போய், நான் விலகுறேன்னு பதிவு பண்ணணும். நவம்பர்ல ஒரு தேதி வரைக்கும் டைம் இருந்துச்சு. பண்ணியிருந்தா விலகினான்னு மட்டும் போட்டிருப்பாங்க. ஒரு கெடுதலும் இல்லை."

"வாத்தியார்தானே விலகச் சொன்னாரு? அவரு பேரை எடுக்கமாட்டாரா?"

"அவரு யோசனைதான் சொல்ல முடியும். எடுக்கிறது அவரு கையில இல்லை."

"நாங்க ஒரு ஆளு வரலைன்னா மத்தியானத்துக்குள்ள பேரை எடுத்துடுவோமே!"

"நீ எடுப்ப. காலேஜ் எடுக்காது. நீயா எடுக்கிற வரைக்கும் நீ அங்க உட்கார்ந்திருக்கிறதாத்தான் கணக்கு. உட்கார்ந்து ஒண்ணும் எழுதலைன்னா சைபர்."

ஜெனீனுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். "இத்தனை நாளா வரலையே, ஒருத்தராவது ஒரு போன் பண்ணாங்களா? இங்க ஒரு நாள் வரலைன்னா நீ பத்து மணிக்கே கூப்பிட்டு மானத்தை வாங்குவ!"

"இது ஸ்கூலு."

"அவ ஸ்கூல் பிள்ளைதானே?"

"இங்க ஸ்கூல் பிள்ளை. அங்க காலேஜ் மாணவி. பதினேழோ எழுபதோ, அங்க எல்லாரும் ஒண்ணு. வீட்டுக்குக் கூப்பிடமாட்டாங்க. காலேஜ் குடுத்த ஈமெயிலுக்குத்தான் அனுப்புவாங்க. நாலஞ்சு தடவை அனுப்பியிருக்காங்க."

"பாத்தியாடி?"

தானிகா இல்லை என்று தலையை அசைத்தாள். "அது வேற ஐடிம்மா. வெளிய வந்ததுக்கப்புறம் திறக்கவே இல்லை. நான்தான் விலகிட்டேனே."

லாஜுவா மெதுவாகச் சொன்னாள். அந்த இங்கிலீஷ்தான் இங்கே பன்னிரண்டாம் வகுப்பு இங்கிலீஷும். அதில் ஃபெயில் என்றால் ஜூனில் பள்ளிப்படிப்பு முடித்ததாகச் சான்று கிடையாது. இரண்டிலும் சைபர் என்பதால் காலேஜில் அவளை நிறுத்தி வைத்துவிட்டார்கள், ஜனவரியில் எதிலும் சேர முடியாது. நர்ஸ் படிப்பு இடம், இரண்டும் பாஸாகி நல்ல நிலையில் இருந்தால் மட்டும்தான் என்று முதலிலேயே சொன்னது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்றார்களே, கல் திரும்பி வந்து இரண்டு இடத்திலும் அடித்தது.

"தப்பு என்மேலயும் இருக்கு, ஜெனீன்," என்றாள் லாஜுவா. "அறுவடை நேரத்துல நான் கிடங்குல நின்னேன். அதுக்கப்புறமாவது கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். காலேஜ்ல இருக்கான்னு நம்பிட்டேன்."

"இப்ப என்ன செய்யலாம்?"

"தும்பை விட்டாச்சு, வாலைப் பிடிச்சுத்தான் பாக்கணும். காலேஜ் ஆபீஸ்ல போய் நேர்ல கேளுங்க. ரொம்ப அவசியமான காரணம் இருந்தா பின்தேதி போட்டு விலக்குவாங்களாம். அறுவடையை அவங்க காரணமா எடுத்துப்பாங்களான்னு எனக்குத் தெரியலை."

ஜனவரியில் காலேஜ் திறந்த முதல் வாரம் இருவரும் போனார்கள். சாலையின் இரண்டு பக்கமும் பனி ஆள் உயரத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ரேனோ வரவில்லை. "நான் வந்தா ஏதாவது பேசிடுவேன்," என்றான். பேசிவிடுவான் என்பது ஜெனீனுக்கும் தெரியும். அவள் மாதாகோவிலுக்குப் போடும் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டாள்.

காலேஜ் ஆபீஸில் இந்தப் பதிவுகளைப் பார்க்கும் அம்மாள் பேர் மிஸஸ் வின்ஸ்லோ. நரைத்த தலை, மெல்லிய குரல். தெற்கத்திக்காரி. எழுந்து நின்று இருவருக்கும் கைகொடுத்தாள். உட்கார்ந்ததும் தானிகாவைப் பார்த்தே பேசினாள்.

"இவங்க யாரு?"

"நான் அம்மா," என்றாள் ஜெனீன்.

"வந்ததுக்கு சந்தோஷம். ஆனா உங்க மகளோட படிப்பு விவரம் எதையும், அவங்க சம்மதம் இல்லாம உங்க எதிர்ல நான் பேசக்கூடாது."

"பதினேழு வயசு மேடம் அவளுக்கு! பல்லு பிடுங்கணும்னாகூட நான்தான் கையெழுத்துப் போடணும்."

"பல்லு வேற மேடம்," என்றாள் மிஸஸ் வின்ஸ்லோ. கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவளுக்குப் பல் வேறுதான். "தானிகா, அம்மா இருக்கலாமா?"

பெற்றவள் உட்கார்ந்திருக்கலாமா என்று மகளைக் கேட்கிறார்கள். தானிகா, "இருக்கட்டும்," என்றாள்.

"சொல்லுங்க. ஏன் தேதிக்குள்ள விலகலை?"

"விலகிட்டேன்னு நினைச்சேன்," என்றாள் தானிகா. "சார் சொன்னாரு, நான் வந்துட்டேன். அதுதான் விலகறதுன்னு நினைச்சேன்."

"அறிமுக வகுப்புல எல்லாருக்கும் விளக்கினோமே. சேரும்போது படிச்சு ஒத்துக்கிட்டீங்களே."

"ஆமாம்."

"அதுக்கு முன்னாடி ஏன் வகுப்புக்கு வரலை?"

"கிழங்கு எடுத்தோம்."

மிஸஸ் வின்ஸ்லோ தலையாட்டினாள். ஊருக்கு வந்து அவளுக்கு நாலு வருஷம் ஆகிறது, கிழங்கு பற்றி அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். "வேலை காரணம் ஆகாது. இங்க படிக்கிறவங்க பாதிப்பேர் வேலைக்குப் போறவங்கதான்."

ஜெனீனுக்குப் பொறுக்கவில்லை. "மேடம், இது அவ தப்பே இல்லை. அவ கேட்டா, வயல்ல நின்னு என்னைக் கேட்டா. கிளாஸ் இருக்குன்னு சொன்னா. நான்தான் போகவேணாம்னேன். ஒரு வாரம்தானேன்னு சொன்னது நான். விலகியாச்சு, விடுன்னு சொன்னதும் நாங்க. தப்பு என்னுது. எந்தப் பேப்பர்ல வேணும்னாலும் எழுதித் தர்றேன்."

"உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா இங்க பொறுப்பு மாணவியோடது மட்டும்தான். உங்க பேருல அதை எழுதிக்க எங்ககிட்ட இடமே கிடையாது."

பிள்ளை சாப்பாட்டுத் தட்டை உடைத்தாலும், அடுத்த வீட்டு ஜன்னலில் பந்து அடித்தாலும், பதினேழு வருஷமாக எல்லாவற்றுக்கும் ஜெனீன்தான் போய்த் தலைகுனிந்திருக்கிறாள். இன்றைக்கு நிஜமாகவே தான் செய்த தப்புக்குத் தலையை நீட்டுகிறாள், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

"அந்த ஃபெயில் எத்தனை வருஷத்துக்கு இருக்கும்?" என்று கேட்டாள்.

"அது எப்பவும் இருக்கும். திரும்ப எடுத்துப் பாஸ் பண்ணலாம். அடுத்த வருஷம் பள்ளிப்படிப்பை முடிச்சுட்டு, மறுபடி விண்ணப்பிக்கலாம். நர்ஸ் படிப்புல ஒரு இடத்துக்கு நிறையப் பேரு நிக்கிறாங்க. நான் வாக்கு எதுவும் தர முடியாது."

ஜன்னலுக்கு வெளியே பனி அள்ளுகிற வண்டி போய்வந்தது. மிஸஸ் வின்ஸ்லோ பேனாவை மூடினாள், பிறகு மறுபடி திறந்தாள். அவளும் பிள்ளை பெற்றவளாக இருக்கலாம்.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள். "அந்தச் சமயத்துல உங்களுக்கு ஏதாவது பெரிய உடம்பு முடியாம இருந்துச்சா? இல்லை, வீட்டுல யாருக்காவது? பாத்துக்க வேற ஆள் இல்லாம நீங்க கூட இருக்க வேண்டி வந்துச்சா? அப்படி இருந்தா அது காரணம். டாக்டர்கிட்ட ஒரு வரி வாங்கிட்டு வந்தா குழுவுக்கு முன்னால நானே எடுத்துவைப்பேன்."

ஜெனீன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் மிஷோ அவள் சித்தி மகன். ஒரு வரி எழுத மாட்டேன் என்றா சொல்லுவான்?

"எனக்குத்தான்!" என்றாள். "எனக்குத்தான் முடியாமப் போச்சு மேடம். இடுப்பு. எழுந்திருக்கவே முடியலை. படுத்த படுக்கையா இருந்தேன். இவதான் கூட இருந்து பாத்துக்கிட்டா. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லாம இருந்துட்டா."

மிஸஸ் வின்ஸ்லோ அவள் பக்கம் திரும்பவில்லை. "இதை மாணவிதான் சொல்லணும். தானிகா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சா?"

ஜெனீன் மேசைக்கு அடியில் மகளின் முழங்காலைத் தொட்டாள். அழுத்தினாள்.

தானிகா ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "இல்லை," என்றாள். "அம்மா நல்லாத்தான் இருந்தாங்க. பெல்ட்டுல என் பக்கத்துலதான் நின்னாங்க."

மிஸஸ் வின்ஸ்லோ பேனாவை மூடினாள். இந்தத் தடவை திறக்கவில்லை. எழுந்து, வந்தபோது கொடுத்த மாதிரியே இருவருக்கும் கைகொடுத்தாள்.

காருக்குள் உறைந்துபோயிருந்தது. கண்ணாடி முழுக்க வெள்ளை. ஜெனீன் சாவியைப் போட்டு இன்ஜினை ஓடவிட்டாள், சூடு ஏறட்டும் என்று. மூச்சு விட்டால் புகையாக வந்தது.

"ஏண்டி அப்படிச் சொன்ன? கையில தூக்கிக் குடுத்தாங்களே. ஆமான்னு ஒரு வார்த்தை! மிஷோ எழுதிக் குடுத்திருப்பானே. உன் படிப்பை நீயே குழிதோண்டிப் புதைச்சுட்டியே!"

"பொய்யிம்மா அது."

"பொய்தான். எனக்குத் தெரியாதா? சாமிகிட்ட நான் சொல்லிக்கமாட்டேனா? உனக்காகத்தானே சொன்னேன்!"

"பொய்யின்னு மட்டும் இல்லம்மா." தானிகா கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் குரலில் கோபம் இல்லை, எலும்புக்குப் பேர் சொல்லும்போது பேசுவாளே, அந்தக் குரல்தான். "அது பொருந்தவே இல்லையே. உனக்கு முடியாம இருந்திருந்தா பெல்ட்டுல ஆள் இருந்திருக்காது. அப்பா மிஷினை நிறுத்தியிருப்பாரு. கொலெட் அத்தை உன்னைப் பாத்துக்கிட்டிருந்திருப்பாங்க. நான் கிளாஸுக்குப் போயிருப்பேன்."

ஜெனீன் கண்ணாடியின் வெள்ளையைக் கையால் தேய்த்தாள். மழையில் நனைந்து, பனியில் நின்று, அந்த ஐந்து வாரத்தில் அவளுக்கு ஒரு தும்மல்கூட வந்திருக்கவில்லை.